நூற்று நாற்பது கதவுகள்

இரண்டு வருடம், ஞாயிறு தவறாமல்,
நூற்று நாற்பது கதவுகளின் அடியில்
என் கடிதத்தைத் தள்ளிவிட்டு வந்தேன்.
மரக்காய்போவில் வெயில்
காலை ஏழுக்கே பிடரியைப் பிடிக்கும்.
நகல் கடை நேரியோ
தாளுக்கு இவ்வளவு என்று
தாட்சண்யமில்லாமல் எண்ணி வாங்குவான்.

'அன்புள்ள உங்களுக்கு' என்று ஆரம்பிப்பேன்.
யார் அந்த உங்கள்?
கதவுக்கு அந்தப் பக்கம்
ஒரு இருமல்கூடக் கேட்டதில்லை.
இனி வேண்டாம் என்று இரண்டு பேர்
மிகுந்த மரியாதையோடு
சீட்டு ஒட்டியிருந்தார்கள்.
ஒருமுறை மூன்றாம் மாடியில்
ஒல்மெடோவின் கதவு திறந்திருந்தது.
மடித்த என் பதினெட்டு வாரங்கள்
சாப்பாட்டு மேசையின் குட்டைக்காலுக்கு
முட்டுக் கொடுத்திருந்தன.
மேசை ஆடவில்லை.
அந்த மட்டும் சந்தோஷம்.

பிறகு அந்த மின்வெட்டு வாரம்.
ஏரிக்குத் தெற்கே வானம்
இரவெல்லாம் மின்னலைக் கொட்டுகிறது,
எங்கள் பல்புக்கு ஒரு சொட்டு இல்லை.
நகல் கடை இருட்டு.
எவுடோமாரின் ரொட்டி அடுப்பு மட்டும்
விறகில் எரிந்தது; வரிசை தெருமுனை தாண்டியது.
வரிசையில் நிற்பவர்களுக்குக்
கண் சும்மா இருக்காது.
கையால் எழுதிய ஒரே பிரதியை
மைதா பசையால்
கடைச் சுவரில் ஒட்டினேன்.

செவ்வாய்க்கிழமை, ஓரத்தில், பென்சிலில்:
"அன்றைக்குப் பாலத்தில் காற்றே இல்லை.
புளுகாதே."

இரண்டு வருடத்தில் எனக்கு வந்த முதல் பதில்.
ரொட்டி வாங்க மறந்து வீட்டுக்குப் போனேன்.

மறுவாரம் இன்னும் நாலு பேர் ஒட்டினார்கள்.
எவுடோமார் ஒவ்வொரு தாளுக்குக் கீழும்
ஒரு சார்டின் டப்பாவை ஆணியடித்தான்.
ரொட்டி வாங்கினால்
மூன்று கறுப்பு பீன்ஸ் உன் கையில்.
பிடித்த எழுத்துக்குப் போடு.
சனிக்கிழமை எண்ணி,
ஒரு தட்டு ரொட்டியை
விதைக்கணக்கில் பிரிப்பான்.
ஓரத்தில் நல்லதாய் ஒரு வரி கிறுக்கியவருக்கும்
அதில் ஒரு துண்டு உண்டு.
எண்ணி முடித்த பீன்ஸ் அவன் வீட்டு சூப்புக்கு.

எனக்கு முதல் வாரம் பதினேழு விதை, இரண்டு ரொட்டி.
நடந்துகொண்டே தின்றேன்,
வெண்ணெய் இல்லாமல்.

நியாயமான இடம் என்று சொல்ல மாட்டேன்.
முடிதிருத்துபவனின் நாலு மச்சான்களும்
வாராவாரம் அவன் டப்பாவைத்தான் நிரப்புகிறார்கள்.
ஒரு பையன் விதையை வீட்டிலிருந்தே கொண்டுவந்தான்;
அது வேறு ரகம், பிடிபட்டான்.
பேட்டரி பழுது பார்க்கும் தல்ஹிஸ்
செத்த பேட்டரி பற்றி ஐந்து வரி எழுதி
என் மூன்று பக்கத்தைத் தோற்கடித்தாள்.
அன்று இரவு தூக்கமில்லை.
காலையில் எழுந்து
இரண்டரைப் பக்கத்தை அடித்தேன்.

நேரியோ எச்சரிக்கிறான்:
"கதவுகள் உன்னுடையவை, சுவர் அவனுடையது.
நாளைக்கே சுண்ணாம்பு பூசினால்
எங்கே போவாய்?"
உண்மைதான்.
நூற்று நாற்பது பெயர்ப்பட்டியலை
இன்னும் கிழிக்காமல்
அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.
ஆனால் நேரியோ,
அந்தக் கதவுகள் எந்த நாளில் என்னுடையவையாக இருந்தன?
ஒன்றாவது என்னைப் புளுகி என்றதா?

போன சனிக்கிழமை ஒல்மெடோ
படியிறங்கி வந்தார், கைத்தடியோடு.
கடிதம் ஏன் வருவதில்லை என்றார்.
சுவரைக் காட்டினேன்.
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து
எல்லாத் தாளையும் படித்தார்.
என் தாளின் முன் நெடுநேரம் நின்றார்.
நான் உளுந்துபோன ரொட்டி ஒன்றை
ஆராய்வதுபோல் பாவனை செய்தேன்.

மூன்று விதையும்
தல்ஹிஸின் டப்பாவில் விழுந்த சத்தம்
டக், டக், டக்.

திரும்பும்போது என் காதருகே குனிந்து கேட்டார்:
"பழைய பிரதி ஏதாவது இருக்குமா?
மேசை மறுபடி ஆடுகிறது."