மாதிரி எண் 41

சீசனில் காவேரிப்பட்டினம் சாலை நெடுக
லாரிகள் வரிசை கட்டி நிற்கும்,
மூக்கு வளைந்த பெங்களூரா மாங்காய்.
நான் தின்றதில்லை அதிகம். எண்ணுவேன்,
மாங்காயில் குடியிருப்பவர்களை.
ஒரு மில்லி கூழ், ஒரு தட்டு அகார்,
முப்பத்தேழு டிகிரியில் இரண்டு நாள்.
பிறகு விளக்கடியில் புள்ளி புள்ளியாக
எழுந்து வந்து உட்கார்ந்திருப்பார்கள்.
கணக்கு மீறினால் ஒரே வார்த்தை எழுதுவேன்: நிராகரி.
பாய்லர் திம்மராயன்
என் குலத்தையே திட்டிக்கொண்டு நீராவியைத் திறப்பார்.
இப்படி இருபத்தாறு சீசன்.

ஒரு வருடம் ஊரே மணக்கிறது என்றார்கள்.
எனக்கு மஞ்சள் நிறம் மட்டும் தெரிந்தது.
சளி என்று நினைத்து ஆவி பிடித்தேன்.
மூன்று வருடம் கழித்துத்தான்
வலது கட்டைவிரல்
ஆள்காட்டி விரலோடு எதையோ உருட்டத் தொடங்கியது.
பிப்பெட் நுனியில் துளி நிற்கவில்லை.

பெங்களூர் டாக்டர் ஷைலஜா கையைப் பிறகு பார்த்தார்.
முதல் கேள்வி:
"மலச்சிக்கல் எப்போதிருந்து?"
எனக்குச் சிரிப்பு வந்தது.
முகம் சிரிக்கவில்லை.

கம்பெனியில் பெண்களுக்கு ஒரே கக்கூஸ்,
அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது, பதினோரு வருடம்.
அதனாலா என்று கேட்டேன்.
அப்படிச் சொல்ல முடியாது என்றார்.
ஒரு புரதம் மடிப்பு தவறிவிடுகிறது.
அதைப் பார்த்துப் பக்கத்துப் புரதமும்
அதே மாதிரி மடிகிறது.
பீரோவில் ஒரு புடவை கோணலாகப் போனால்
மேலே அடுக்கியதெல்லாம் கோணலாவதுபோல.
சிலருக்கு இது குடலில் தொடங்கி
வேகஸ் நரம்பைப் பிடித்து மூளைக்கு ஏறுகிறதாம்.
சிலருக்கு மேலிருந்து கீழாம்.
குடலில் உள்ள கிருமிகளுக்கு இதில் என்ன பங்கு?
"இன்னும் தெரியாதும்மா."
தெரியாது என்று சொல்லும் டாக்டரை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

லெவோடோப்பா, ஒரு நாளைக்கு நாலு வேளை.
விழுங்குவதெல்லாம் மேலே போய்ச் சேர்வதில்லையாம்.
வழியிலேயே கொஞ்சத்தைச் சிலர் தின்றுவிடுகிறார்கள்.
ஒரு பேர் சொன்னார்: என்டிரோகாக்கஸ்.
"அவனா?" என்றேன்.
எத்தனை தட்டில் பார்த்திருக்கிறேன்,
மெரூன் கலர், குண்டூசித் தலை.
எத்தனை லாட்டை அவனுக்காகத்
திருப்பி அனுப்பியிருப்பேன்.
என்னை நிராகரிக்க யார் இருந்தார்கள்?

ஆராய்ச்சிக்கு மாதிரி கேட்டார்கள்.
ஐஸ் பெட்டி, மூன்று பை சுற்றி, மடியில்.
கிருஷ்ணகிரி டோல்கேட்டில் பஸ் அரைமணி நின்றது.
பக்கத்து சீட்டுக்காரி பெட்டியைத் தட்டிப் பார்த்தாள்.
"மாம்பழமா?"
"கூழ்."
"கார்த்திகையில ஏது கூழு?"
"இது வருஷம் பூரா வரும்" என்றேன்.

அங்கே ஒரு பையன் படிவம் நீட்டினான்.
என் எழுத்து இப்போதெல்லாம்
வரி முடிவதற்குள் எறும்பாகிவிடுகிறது.
சம்பூர்ணம் என்று எழுதியதை
அவன் படிக்க முடியாமல்
நாற்பத்தொன்று என்று மூடியில் ஒட்டினான்.
"எத்தனை நாள்ல எண்ணுவீங்க?"
"எண்ண மாட்டோம் மேடம். மெஷின் மரபணுவைப் படிச்சுடும்."
"ஒரு தடவை தட்டுல வளர்த்துப் பாரு தம்பி.
அழகா இருப்பாங்க."
அவன் நிமிர்ந்து பார்த்தான்.

திரும்பும்போது பஸ் படியில்
கால் ஒட்டிக்கொண்டது.
தலை சொல்கிறது, தூக்கு.
கால் யார் பேச்சையோ கேட்டுக்கொண்டு நிற்கிறது.
நாலு மணி மாத்திரை போட்டாயிற்று.
உள்ளே எந்த டோல்கேட்டில் நிற்கிறதோ.
பின்னால் யாரோ "சீக்கிரம் ஏறும்மா" என்றார்கள்.
கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி
ஊதாமல் நின்றார்.