என்ன தண்ணி?

செந்தூல் முனையில் விடிய விடியத் திறந்திருக்கும் கடை.
பெர்மிட்டில் நான் உணவக உதவியாளர்.
கடையில் தண்ணி மாஸ்டர்.

வந்த முதல் ராத்திரி
முதலாளி சொன்னார், "போய்த் தண்ணி கேளு."
ஆறாம் மேசைக்குப் போய்க் கேட்டேன்,
"அண்ணே, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"
அவர்கள் சிரித்து முடிக்க ஒரு வாரம் ஆனது.

இங்கே தே தாரேக் தண்ணி.
கோப்பி ஓ தண்ணி. மைலோவும் தண்ணி.
ரோஜா நிறத்தில் பண்டோங், அதுவும்.
தண்ணியே வேண்டுமென்றால்
வெறுந்தண்ணி என்று கேட்க வேண்டும்,
எதையோ இழந்துவிட்டு வந்ததைப் போல.
சூடாக முப்பது காசு, ஐஸ் போட்டால் ஐம்பது.

பட்டுக்கோட்டைப் பக்கம் பெண் பார்த்தார்கள்.
மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு
என் மச்சான் சொல்லியிருக்கிறான்,
"கோலாலம்பூர்ல ராத்திரி முழுக்கத் தண்ணிதான்."
அத்தோடு சரி.
போனில் திட்டினேன்.
"பொய்யா சொன்னேன்?" என்றான்.

போன மாதம் நாலு நாள் குழாய் வற்றியது.
ஆற்றில் யாரோ எண்ணெய் கொட்டிவிட்டார்களாம்.
லாரி இன்று வரும், நாளை வரும் என்று
தண்ணியே இல்லாமல் எங்களுக்குத் தண்ணி காட்டினார்கள்.
கல்லாவுக்கு மேலே ஹஃபிஸ் அட்டை மாட்டினான்,
ஆயேர் தாக் அடா. கீழே தமிழில் நான் எழுதினேன்,
தண்ணி இல்லை.
இரண்டையும் நிதானமாகப் படித்துவிட்டு ஒருவர் கேட்டார்,
"சரி, டின்ல என்ன தண்ணி இருக்கு?"

ஞானசீலன் அண்ணன் செவ்வாய், வியாழன், சனி
டயாலிசிஸ் முடிந்து நேராக இங்கே வருவார்,
இடது முழங்கையில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக.
லாரி ஓட்டிய காலத்தில்
இரண்டு வகைத் தண்ணியும் அவருக்குத்
தண்ணி பட்ட பாடு.
இப்போது ஒரு நாளைக்கு அரை லிட்டர், டாக்டர் கணக்கு.
மற்ற மேசைகள் கேட்கும் தண்ணிகளைக்
காதால் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"என்ன தண்ணி அண்ணே?"
"தண்ணி."
"இல்ல, என்ன..."
"தண்ணிதான்டா."

இருப்பதில் சின்ன கிளாஸாக எடுத்துப்
பாதி ஊற்றி, ஒரு ஐஸ் போட்டு வைத்தேன்.
உடனே குடிக்கவில்லை.
கிளாஸின் வேர்வையை விரலால் வழித்து
உதட்டில் தடவிக்கொண்டார்.
ஐஸ் கரைகிறவரை பார்த்தார்.
ஒரே ஒரு மடக்கு.
பிறகு என் பக்கம் தள்ளினார்,
"மிச்சத்த ராத்திரிக்கு வெச்சிரு, வரேன்."

பால்டின்களுக்குப் பின்னால் மூடி வைத்திருக்கிறேன்.
ஹஃபிஸிடமும் சொல்லியாயிற்று,
கொட்டிவிடாதே,
அது ஞானசீலன் தண்ணி.