கொழுப்புப் பனி

மூன்று வருடமாக என் படங்களில் எல்லாம் பனிமூட்டம்.
சிலோயே தீவென்றால் அப்படித்தான் என்றார்கள்.
படகுக்காரன் பௌஸ்தினோ
ஒன்றைக் கேட்டு வாங்கி, அச்செடுத்து,
சுக்கானுக்கு மேலே ஒட்டிக்கொண்டான்.

நான் துறைமுகத்தில் மில்காவோ பொரிக்கிறவள்.
வாணலிக்கும் வாடிக்கைக்கும் நடுவே
கிடைக்கிற அரை நிமிடம்தான் என் ஸ்டுடியோ.

நேற்று சில்லறை எண்ணும் அவசரத்தில்
போனைப் பாவாடையில் துடைத்தேன், சும்மா.
அப்படியே ஒன்று எடுத்தேன்.

படகின் பெயர் தெரிந்தது.
துரு தெரிந்தது.
கரையில் ஒரு நாய், அதன் காதில் கிழிசல்,
என் விலைப்பலகையில் ஓர் எழுத்துப் பிழை.
இத்தனை நாளும் இவையெல்லாம்
அங்கேயேதான் இருந்திருக்கின்றன.

அப்போ அந்தப் பனி?
பன்றிக்கொழுப்பு.
என் கட்டைவிரலுடையது.

இப்போதெல்லாம் துடைக்காமல் எடுப்பதில்லை.
நாய்க்காக ஒருமுறை குந்தியபோது
கடல் வேறு கடலாக இருந்தது;
அதிலிருந்து அடிக்கடி குந்துகிறேன்,
முழங்கால் திட்டுகிறது.
பௌஸ்தினோவிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்று காலை துறைமுகத்தையே காணோம்.
துடைத்தேன்.
மறுபடி துடைத்தேன்.
கண்ணையும் ஒருதரம் துடைத்துக்கொண்டேன்.
போகவில்லை.

அடி எடெல்மிரா, இது நிஜப் பனி.
சட்டியில் ஏதோ தீய்கிறது.
தீயட்டும்.