வியாழன், ஏழரை

மருந்துக்கடைக்கு மேலே கணித வகுப்பு.
கீழே வாகனத் தரிப்பிடத்தில் நாங்கள்:
இயந்திரத்தை அணைத்துவிட்டு,
முகத்தில் போன் வெளிச்சம் தடவி,
ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டிக்குள்
பதினொரு பெற்றோர்.
ஜூலைக் குளிர். வென்ட்வொர்த்வில்லைத் தாண்டும் ரயில்
எங்கள் எல்லோரையும் சேர்த்து
லேசாக உலுக்கிவிட்டுப் போகும்.

வியாழன் என்றால் குரு.
ஏழரை என்றால் வேறு ஆள்.
இரண்டு பேரும் ஒன்றாய் வந்து நிற்கிற இடம் இது என்று
சுகுமாரன் ஒருமுறை சொல்லிச் சிரித்தார்.
அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.
எக்ஸெல் தாள் ஒன்று செய்தார்.
ஸ்டாண்டர்ட் எடுத்தால் சிவப்பு.
அட்வான்ஸ்ட், வெளிர் மஞ்சள்.
எக்ஸ்டென்ஷன் ஒன்று, அடுத்த வருசம் எக்ஸ்டென்ஷன் இரண்டு,
எல்லாம் பச்சை.
பச்சைக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர்,
அதற்கும் பக்கத்தில் தொண்ணூற்றொன்பது புள்ளி ஏதோ.
புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கத்துக்கு
எங்கள் வீட்டில் தனி மரியாதை.
அபிராவின் பெயர் மட்டும்
அந்தத் தாளில் எங்கும் இல்லை.

எனக்குத் தெரிந்த கணக்கு மில்லிகிராம்.
முதியோர் இல்லத்தில் காலை மருந்து, இரவு மருந்து.
ஒன்பதாம் அறை டாயிலுக்கு அரைக் குளிசை,
நசுக்கி, தயிரில்.
பிழைத்தால் ஒரு உயிர் போகும்.
நாங்கள் பிழைப்பதும் அதில்தான்.

கண்ணாடியில் தட்டல். கமலேஸ்வரி.
"பிள்ளை எக்ஸ்டென்ஷன்தானே?"
"ஓம்" என்றேன்.
படிவம் நாளைக் காலை ஒன்பதுக்கு மூடும்.
அந்தக் கட்டம் இன்னும் வெறுமை.
"எங்கட ஆள் அடுத்த வருசப் பாடத்தை
இப்பவே முடிச்சிட்டார்" என்றாள்.
பெருமையாக இல்லை,
காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்லும் குரலில்.

பின்சீட்டில் கால்குலேட்டர்.
மறந்துவிட்டுப் போயிருக்கிறாள்.
எடுத்துக்கொண்டு படியேறினேன்.
கதவில் ஒரு கையகலக் கண்ணாடி.
எட்டு மேசை. ஏழு தலைகள் குனிந்து எழுதின.
எட்டாவது, கன்னத்தைக் கொப்பியில் வைத்து,
கம்பி போட்ட பற்கள் தெரிய வாய் திறந்து,
தூங்கிக்கொண்டிருந்தது.
ஆசிரியர் மற்றப் பிள்ளைகளுக்கு
மெல்ல, மிக மெல்ல,
ஃபங்ஷன் என்றால் என்ன என்று சொன்னார்.
நாங்கள் படித்தபோது அதற்குச் சார்பு என்று பெயர்.
ஒன்று இன்னொன்றில் சாய்ந்திருப்பது.

ஒரு மணித்தியாலம் அறுபத்தைந்து டொலர்.
இவ்வளவு விலைக்கு
நான் தூக்கம் வாங்கியதில்லை.
தட்டவில்லை.
கால்குலேட்டரைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு
இறங்கி வந்துவிட்டேன்.

ஒன்பது மணி.
"வகுப்பு எப்பிடி?"
"ஓகே."
கன்னத்தில் கொப்பிக் கம்பியின் அச்சு,
சிறு சிறு வளையமாய்.
"உங்களுக்குக் குளிரேல்லையோ அம்மா?"
"இல்லை."
ஆளுக்கொரு பொய்.
சமன்.

சுகுமாரனின் செய்தி: போட்டாச்சா?
போனை அவளிடம் நீட்டினேன்.
கட்டத்தைப் பார்த்தாள். திருப்பித் தந்தாள்.
"உங்களட்ட கேட்டிருந்தா
நீங்கள் என்ன பாடம் எடுத்திருப்பீங்கள்?"
பக்கத்துக் கார்கள் ஒவ்வொன்றாய்ப் போயின.
கமலேஸ்வரியின் மகன் முன்சீட்டிலேயே
விளக்கைப் போட்டு எதையோ எழுதிக்கொண்டு போனான்.
"சித்திரம்" என்றேன்.
எனக்கே அது அப்போதுதான் தெரியும்.
"உங்களுக்கு ஒரு பூனை கீறவும் வராதே!"
"வராதுதான்."

கண்ணாடி முழுக்க மூச்சு.
வைப்பர் வெளியே, ஈரம் உள்ளே.
சூட்டுக்காற்றைத் திருகிவிட்டேன்.
அடியில் அவள் பக்கம் ஒன்று, என் பக்கம் ஒன்று,
தேசிக்காய் அளவில் இரண்டு வட்டம் தெளிந்தது.
அவை வளர்ந்து
ஒன்றையொன்று தொடும்வரை
காரை எடுக்கக் கூடாது.

அவள் விரலால் பூனை கீறத் தொடங்கினாள்.
காது, மீசை.
வாலுக்கு வருவதற்குள்
வட்டம் வந்து முதுகைத் தின்றுவிட்டது.
மடியில் போன் மறுபடியும் அதிர்ந்தது.
"பொறுங்கோ" என்றாள்,
வாலை எங்கே வைப்பது என்று பார்த்தபடி.