ரசீது

ஜூன் பிறந்துவிட்டால் உறக்கமில்லை.
பள்ளிக்கூடங்களை மூடுகிறார்கள்.
கப்தின் மண்சாலையில் நடுராத்திரி ஒரு கார் வரும்,
நம் கதவருகே விளக்கை அணைக்கும்.
ஏதோ திறந்து மூடும் ஓசை,
பிறகு அவசரமாய்த் திரும்பும் டயர்.

டார்ச்சோடு போனால்
கம்பிக் கதவில் கட்டியிருக்கும் ஒரு ஹஸ்கி.
பனிக்கென்று வளர்ந்த ரோமம்
ஐம்பது டிகிரியில்.
கழுத்தில் சீட்டு:
‘பெயர் பிரின்ஸ். கேரட் பிடிக்கும். மன்னிக்கவும்.’
மன்னிப்பை எப்போதும்
கடைசியில்தான் எழுதுகிறார்கள்.
நான் கேரட்டை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இத்தோடு அறுபத்து மூன்று நாய்.
பூனைகளை எண்ணுவதில்லை,
எண்ணினால் வாடகை நினைவுக்கு வரும்.
அபு மிஷால் முதல் தேதி தவறாமல் வந்து
பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு
மூன்றுகால் நாயிடம் மட்டும் நலம் விசாரித்துவிட்டுப் போவார்.
ஜெனரேட்டர் நின்றால்
தில் பகதூர் நேபாளியில் திட்டுவான், நான் தமிழில்.
எதைக் கேட்டு அது ஓடத் தொடங்குகிறது
என்று இதுவரை தெரியவில்லை.

பகலில் எனக்கு ஃபஹாஹீலில்
பல் மருத்துவமனை வரவேற்பு மேசை.
அங்கேயும் ஃபோன் வரும்:
‘மேடம், நாளைக்கு ஃப்ளைட்.’
எல்லாருக்கும் நாளைக்குத்தான் ஃப்ளைட்.
நாலு வருஷம் மடியில் கிடந்த நாய்க்கு
நாலு வாரம் முன்னால் ஒரு ஃபோன்
என்று வாய்வரை வரும்.
சொன்னால் அந்த நாய்
ஏழாவது ரிங் ரோட்டில் இறங்கிவிடும்.
‘கொண்டு வாங்க’ என்பேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்
ஒருவர் நடந்து வந்தார்.
இந்தச் சாலையில் யாரும் நடப்பதில்லை.
தார் முடிந்த இடத்தில் டாக்சிக்காரன்
இறக்கிவிட்டிருக்கிறான்.
நீலச் சீருடை, தோளில் அரிசிச் சாக்கு,
சாக்கில் காற்றுக்குச் சுட்ட ஓட்டைகள்,
சிகரெட் நுனியளவில், வரிசையாய்.

‘கருத்தப்பாண்டிங்க. மினா அப்துல்லா கேம்ப்.
காண்ட்ராக்ட் முடிஞ்சு மொத்தப் பேரையும் அனுப்புறாங்க.
இது எங்க போர்மேன்.’

சாக்கைப் பிரித்தார்.
காது கிழிந்த சாம்பல் கடுவன்
என்னை ஏற இறங்கப் பார்த்தது.
விடியக்காலை நாலு மணிக்கு
கட்டில் கட்டிலாய்ப் போய்க் கத்துமாம்.
பஸ்ஸைத் தவறவிட்டவன் எவனும் இல்லையாம்.
‘நிஜ போர்மேன் இதவிட நல்லவரு’ என்று சிரித்தார்.

இடமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
‘தண்ணி குடிங்க’ என்று வந்தது.

குடித்துவிட்டு மடித்த நோட்டுகளை எடுத்தார்,
காலும் அரையுமாய்,
இருபத்திரண்டு பேர் போட்டது, பதினொன்றே கால் தினார்.
‘ரசீது குடுப்பீங்களா?’
புத்தகத்தை எடுத்தேன்.
‘பணத்துக்கு வேணாங்க. போர்மேனுக்கு.
ரூம்ல நம்பமாட்டாங்க.
வழியில எங்கயோ விட்டுட்டேன்னுவாங்க.’

ஒன்பது வருஷம்.
வில்லாக்காரர்கள், மூன்று கார் வைத்திருப்பவர்கள்,
ஒருவரும் என்னிடம் ரசீது கேட்டதில்லை.

தொகை என்றிருந்த இடத்தை அடித்தேன்.
பெற்றுக்கொண்டது: பூனை ஒன்று, உயிருடன்.
கொடுத்தவர்: அறை பதினாலு.
எழுத்துக்கூட்டி வாசித்தவர்
‘காது கிழிஞ்சதையும் போட்டுடுங்க,
வேற பூனைன்னு சொல்லிடக் கூடாது’ என்றார்.
போட்டேன். முத்திரையும் வைத்தேன்.
பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்ததால்
செல்ஃபோன் உறைக்குள் வைத்துக்கொண்டார்.
சாக்கை உதறி, மடித்து,
அதையும் எடுத்துக்கொண்டு போனார்.
போர்மேன் அவரைப் பார்க்கவில்லை,
தட்டைப் பார்த்தது.

மறுநாள் நாலு மணிக்கு
பூனை அறைக் கொக்கியை எப்படியோ திறந்துகொண்டு
கூண்டு கூண்டாய்ப் போய்க் கத்தியது.
அறுபத்து மூன்று நாயும் எழுந்து நின்றன.
பிரின்ஸ் ஊளையிட்டது.
தில் பகதூர் ஒற்றைச் செருப்போடு வெளியே வந்தான்.
நானும் எழுந்தேன்.
பிடிக்கவேண்டிய பஸ் எதுவும் இல்லை.
வாளியை எடுத்தேன்.