நெஞ்சு வேகாது

கொவென்றி மரண விசாரணை அலுவலகத்திலிருந்து கடிதம்.
பரிசோதனை முடிந்தது.
தங்கள் கணவரின் இதயத்தை என்ன செய்யலாம்?
மூன்று கட்டங்கள்.
ஒன்றில் புள்ளடி இடவும்.

அவரை எரித்து ஒன்பது கிழமை.
வெஸ்டன் கடல் வற்றிக் கிடந்த காலையில்
தண்ணியைத் தேடிச் சேற்றில் அரைக்கட்டை நடந்து
சாம்பல் கரைத்தோம்.
அந்தியேட்டி முடித்துக்
கல்வெட்டும் அச்சடித்துக் கொடுத்தாயிற்று.
இப்போது சொல்கிறார்கள்
முழு ஆளை நாங்கள் எரிக்கவில்லையாம்.
முதல்நாளே தாளில் கையெழுத்து வைத்தேனாம்.
என் கையெழுத்துத்தான்.
வாசித்த ஞாபகம் இல்லை.

ஐயருக்குப் போன் எடுத்தேன்.
பஞ்சாங்கம் புரளும் சத்தம்.
‘பிள்ளை, இதுக்கு விதி எழுதேல்லை.’
பிறகு குரலைத் தாழ்த்தி,
‘குழந்தையெண்டு நினைச்சுத் தாட்டுவிடுங்கோ.’

ஆறு வருசம் முன்பு
மழைக்குள் தமக்கை வாசலில் நின்று கத்தினார்.
சீட்டுக் காசு. பன்னிரண்டாயிரம் பவுண்ஸ்.
‘நான் செத்தாலும் என்ர நெஞ்சு வேகாது!’
எதிர்வீட்டுத் திரைச்சீலை அசைந்தது.
நான் காருக்குள் ஹீட்டரைக் கூட்டினேன்.

பால் வாங்கப் போய்ப்
பாணோடு வருகிற மனுசன்.
இந்தச் சொல்லை மட்டும் காப்பாற்றிவிட்டார்.

சுகுணமலர் மச்சாளைச்
செத்தவீட்டுக்கு வரவேண்டாம் என்றது நான்தான்.

அறிக்கை நாலு பக்கம்.
எடை அறுநூற்றிருபது கிராம்.
சுவர் தடித்தது. இயல்பைவிடப் பெரிது.
கடுகு மனசு என்று
எத்தனை தரம் ஏசியிருப்பேன்.
கடைசிப் பந்தியை இரண்டாம் தரம் வாசித்தேன்:
இது பரம்பரையில் வரலாம்.
பிள்ளைகளும் கூடப்பிறந்தவர்களும்
பரிசோதிக்கப்பட வேண்டும்.

மகளுக்கு வியாழக்கிழமை நாள் கிடைத்தது.
கூடப்பிறந்தது ஒன்றே ஒன்று.

அவளுடைய எண்ணை நான் அழித்திருந்தேன்.
அவர் போனில் இருந்தது.
‘அக்கா’ என்று.
ஒரு வசவும் சேர்க்காமல்.

கார்த்திகை. நகருக்கு வெளியே
மரங்களுக்கிடையில் ஒரு மயானம்.
பெட்டி, பிள்ளைகளின் சப்பாத்துப் பெட்டி அளவு.
ஒட்டிய தாளில் அவர் பெயரில் ஓரெழுத்துப் பிழை.
முன் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டிருந்தேன்.
பஸ் தரிப்பில் ஏறிய மச்சாள்
பெல்ட்டைக் கழற்றி
மடியில் எடுத்து வைத்தாள்.
போகும் வழியெல்லாம் பேச்சில்லை.
வட்டச்சந்தி வரும்போதெல்லாம்
இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

‘பாரமாக் கிடக்கு’ என்றாள் இறங்கும்போது.
குழி வெட்டிய கொலினுக்குத் தமிழ் தெரியாது.
தலையை மட்டும் ஆட்டினான்.

களிமண். பிடி பிடியாகப் போட்டோம்.
நகத்துக்குள் ஏறியது.
தேவாரம் பாடத் தொடங்கி
இரண்டாம் அடியில் மறந்துபோனேன்.
அவளும் எடுத்துக் கொடுக்கவில்லை.

கைப்பையிலிருந்து உறை ஒன்றை எடுத்தாள்.
காசு என்றுதான் நினைத்தேன்.
வேண்டாம் என்று சொல்ல வாயும் திறந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக் கடிதம்.
வருகிற புதன், பத்தரை மணி.

‘தனியப் போகப் பயமாக் கிடக்கு.’

மண்ணை மிதித்து அமத்தச் சொல்லிக்
கொலின் காலால் காட்டினான்.
இரண்டு பேரும் நின்றோம்.
மிதிக்கவில்லை.

செவ்வாய் எனக்கு இரவு வேலை.
யாரிடமாவது
மாத்திக் கேட்கவேணும்.