நாற்பதே கால்

வாங்க என்று சொல்லவில்லை நெவென்கா.
"வண்டியைத் திருப்பு.
மூக்கு காற்றைப் பார்த்து நிற்கட்டும்.
இல்லாவிட்டால் கதவு உனக்கில்லை" என்றாள்.
தொண்ணூறு வருடம் கழித்து
அந்தக் கிளையிலிருந்து எங்களுக்கு வந்த
முதல் வாக்கியம் அது.

காலையில் படகில் நீரிணையைத் தாண்டினோம்,
நானும் தம்பி யெர்கோவும்
பின்சீட்டில் ஒரு கேக்கும்.
இறங்கிய ஊருக்கு எதிர்காலம் என்று பெயர்.
தெருவில் ஆளைக் காணோம்,
கல்லறைத் தோட்டத்தில்தான் கூட்டம்.
பீப்பாய் போலக் கத்தரித்த சைப்ரஸ் மரங்களுக்குள்
எங்கள் பெயரைத் தேடினோம்.
ஒரு கல்லில் ஷ்காரிச்.
நாலு கல் தள்ளி எஸ்காரிச்.
அட்ரியாட்டிக் தீவொன்றிலிருந்து வந்த பெயருக்கு
முன்னால் ஓர் எகரத்தைப் போட்டது
துறைமுகக் குமாஸ்தாவின் நாக்கு.
மெய்யெழுத்தில் ஏற
அதற்கு ஒரு படி வேண்டியிருந்தது.
நாங்கள் படி வைத்த வீட்டுக்காரர்கள்.

அப்புறம் ஜல்லிச் சாலை.
பயனற்ற விரிகுடா என்று
எந்த மாலுமியோ சலித்துப்போய் வைத்த பெயர்
இன்னும் வரைபடத்தில் இருக்கிறது.
அதன் ஓரமாகவே மூன்று மணி நேரம்.
குவனாக்கோ மந்தை ஒன்று வேலியைத் தாண்டியது,
கடைசிக் குட்டி தாண்டவில்லை.
யெர்கோ எஞ்சினை அணைத்துவிட்டு
அது தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் ஏதும் கேட்கவில்லை.
அந்த மாதம்தான் அவனுக்கு விவாகரத்து.

எங்கள் வீட்டுக் கதையில் கொள்ளுத்தாத்தா மாத்தே
பனிப்புயலில் தன்னந்தனியாகக் கடலைக் கடந்தவர்.
கையில் ஒரு மாண்டலின்,
சீட்டாட்டத்தில் ஜெயித்தது.

நெவென்கா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு
மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து
ஒரு கணக்கு நோட்டை எடுத்தாள்.
1931, ஜனவரி. மயிர் கத்தரித்து முடிந்த அன்று
அவள் தாத்தா ஆந்தே எழுதியது:
'தம்பி மாத்தே தர வேண்டியது.
ஆடு நாற்பது. சேணம் ஒன்று. மாண்டலின் ஒன்று.'

அடுத்த ஜனவரியிலும் அதே வரி.
அதற்கடுத்ததிலும்.
மை நீலமாயிற்று, கையெழுத்து சாய்ந்தது,
ஓரிடத்தில் ஆந்தே நின்று அவர் மகன் தொடங்கினார்,
பிறகு பால்பாயிண்டில் நெவென்கா.
இந்த வருடமும் எழுதியிருக்கிறாள்.
வட்டி போடவில்லை.

எங்கள் பக்கத்தில்
அண்ணன் ஒருவர் இருந்ததாகக்கூட யாரும் சொன்னதில்லை.
இங்கே, அடுப்பங்கரையில்,
வருடம் தவறாமல்
'தம்பி' என்று எழுதிவந்திருக்கிறார்கள்.

"சேணம் தெரியாது" என்றான் யெர்கோ.
காது சிவந்திருந்தது.
"மாண்டலின் இருக்கிறது. போன மாதம்
நான்தான் தந்தி மாற்றினேன்."

எலியோதோரோ சிரித்துச் சிரித்துப்
புரையேறி வெளியே போனார்.
நெவென்கா சிரிக்கவில்லை.
"மாண்டலினைக் கொண்டு வா.
ஆடு வேண்டாம், இந்த வருடம் மேய்ச்சல் போதாது."
சொல்லிவிட்டு இறைச்சியை வெட்டினாள்.

நாங்கள் பசித்தவர்கள்போலச் சாப்பிட்டோம்.
கேக்கை ஒருவரும் தொடவில்லை.
எலும்பு மட்டும் மிஞ்சியபோது
அவள் கையைத் துடைத்துக்கொண்டு
நோட்டைத் திரும்பத் திறந்தாள்.
இன்றைய தேதி. எங்கள் இருவர் பெயர்,
எகரம் இல்லாமல்.
அதற்குக் கீழே, நாக்கைக் கடித்தபடி,
பழைய எண்ணை அடித்துத் திருத்தினாள்:

ஆடு, நாற்பதே கால்.